100-க்குப் பிறகு 2: எழுத்துப் புலத்தில் கிடக்கும் எண்களை வரிசைப்படுத்துவது

ஒரு வகுப்பின் கணக்கு மதிப்பெண்களை மேலிருந்து கீழாக அடுக்கச் சொல்லித் தரவுத்தளத்துக்குக் கட்டளை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலின் தலையில் வந்து நிற்பவன் தேர்வுக்கே வராத மாணவன். அவன் பெயருக்கு நேராக ‘வரவில்லை’ என்று பதிவாகியிருக்கிறது. அடுத்து 99, 98, 97 என்று ஒழுங்காக இறங்குகிறது. 90-க்கும் 89-க்கும் நடுவே 9 மதிப்பெண் வாங்கியவள் உட்கார்ந்திருக்கிறாள். நூற்றுக்கு நூறு வாங்கியவளைத் தேடினால், 11-க்குக் கீழே 10-க்கு மேலே கிடைக்கிறாள்.

குவெரியில் பிழை இல்லை. மதிப்பெண்களைப் பதிவு செய்தவரும் தவறு செய்யவில்லை. ‘வரவில்லை’ என்ற சொல்லுக்கும் இடம் வேண்டும் என்பதற்காக, டேபிளை வடிவமைத்தவர் மதிப்பெண் புலத்தை ‘வார்கேர்’, அதாவது எழுத்து வகையாக வைத்துவிட்டார். கேட்டபடியேதான் தரவுத்தளம் அடுக்கிக் கொடுத்திருக்கிறது. ஆனால் அது அடுக்கியது எண்களை அல்ல, எழுத்துகளை.

எழுத்தாக நிற்கும் எண்களைச் சரியான வரிசையில் எடுப்பதற்கான வழிகளையும், ஒவ்வொரு வழியிலும் உள்ள பள்ளங்களையும் இந்த அத்தியாயம் விளக்குகிறது. கட்டளைச் சொற்கள் இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

எழுத்து வரிசை எப்படி நடக்கிறது

அகராதியில் சொற்களை அடுக்கும் முறைதான் எழுத்துப் புலத்துக்கும். இடது ஓரத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டு, வேறுபாடு தெரியும் முதல் இடத்திலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். ‘100’, ‘2’ இரண்டையும் எடுத்துக்கொண்டால், முதல் எழுத்து ‘1’-க்கு ஆஸ்கி அட்டவணையில் குறியெண் 49, ‘2’-க்கு 50. 49 சிறியது, ஆகவே ‘100’ முன்னால் போகிறது. அதற்குப் பின்னால் இரண்டு சுழியங்கள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஒரு மதிப்பு மற்றொன்றின் தொடக்கமாகவே இருந்தால் மட்டும் நீளம் கணக்கில் வரும்: ‘10’ முந்தும், ‘100’ பிந்தும்.

ஆஸ்கியில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களுக்கு 48 முதல் 57 வரை குறியெண்கள். இடைவெளிக்கு 32, கழித்தல் குறிக்கு 45, புள்ளிக்கு 46. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 65-இல் தொடங்குகின்றன. தமிழ் எழுத்துகளின் யூனிகோடு எண்கள் இவற்றையெல்லாம் தாண்டி வெகுதூரத்தில் இருக்கின்றன. ‘வரவில்லை’ என்ற மாணவன் இறங்குவரிசையில் முதலிடம் பிடித்த கதை இதுதான். குறியெண்ணை நேரடியாக ஒப்பிடும் தரவுத்தளத்தில், முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்ட ‘ 95’ எல்லா எண்களுக்கும் கீழே போய்விடும். திரையில் பார்த்தால் வேறுபாடு தெரியவே தெரியாது.

தொல்லை வரிசையோடு நின்றுவிடுவதும் இல்லை. பெரிய மதிப்பைக் கேட்கும் ‘மேக்ஸ்’ சார்பும் இதே முறையில்தான் ஒப்பிடுகிறது. பில் எண்ணை எழுத்துப் புலத்தில் வைத்து, இருப்பதில் பெரியதோடு 1 கூட்டி அடுத்த பில் போடும் கடை மென்பொருளை நினைத்துப் பாருங்கள். பில் எண் 100-இல் தொடங்கியிருந்தால், 999 வரை எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். 1000 என்ற எண்ணுள்ள பில்லும் போட்டாகிவிடும். அதற்கடுத்த பில்லுக்கு ‘மேக்ஸ்’ கேட்டால் ‘999’, ‘1000’ இரண்டில் ‘999’-தான் பெரியது என்று பதில் வரும். மென்பொருள் மறுபடியும் 1000 என்ற எண்ணையே கொடுக்கும். அந்தப் புலத்தில் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால் பில்லே போட முடியாது. கட்டுப்பாடு இல்லையென்றால் இன்னும் மோசம்: ஒரே எண்ணில் பில்கள் குவியும்.

முதல் கேள்வி: அது அளவா, அடையாளமா?

கட்டளையில் கை வைப்பதற்கு முன் புலத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். இந்த எண் ஓர் அளவைச் சொல்கிறதா, அல்லது ஒன்றை அடையாளம் காட்டுகிறதா? கூட்டினாலோ சராசரி எடுத்தாலோ பொருள் இருந்தால் அது அளவு. மதிப்பெண், விலை, எடை, வயது எல்லாம் அளவுகள். இவை எழுத்துப் புலத்தில் இருப்பதே வடிவமைப்புக் குறை. வராத மாணவனுக்குத் தனியாக ஒரு ‘வருகை’ புலம் வைத்திருந்தால் மதிப்பெண் புலம் எண்ணாகவே இருந்திருக்கும்.

கைப்பேசி எண், கதவு எண், பேருந்துத் தட எண், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவை அடையாளங்கள். இரண்டு பேரின் கைப்பேசி எண்களைக் கூட்டி யாருக்கும் ஆகப்போவது ஒன்றுமில்லை. இவை எழுத்துப் புலத்தில் இருப்பதுதான் முறை. எண் புலத்துக்கு மாற்றினால் முன்னால் உள்ள சுழியங்கள் உதிர்ந்துவிடும்: 044 என்ற சென்னையின் தொலைபேசிக் குறியீடு வெறும் 44 ஆகிவிடும்.

அடையாளங்களிலும் இரண்டு இனம் உண்டு. இந்தியாவின் அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. எல்லாமே 6 இலக்கம். ஆதார் எண் 12 இலக்கம். நீளம் மாறாத இத்தகைய எண்களை எழுத்தாக அடுக்கினாலும் எண்ணாக அடுக்கினாலும் விடை ஒன்றுதான்; 600001-க்கு அடுத்து 600002 தானாகவே வரும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் 2024-03-05 என்று எழுதும்போது எழுத்துப் புலத்திலும் வரிசை பிசகாமல் இருப்பதற்கு இதுவே காரணம். 05-03-2024 என்று எழுதினால் எல்லா ஆண்டுகளின் 5-ஆம் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும்.

நீளம் மாறும் அடையாளங்களில்தான் வேலை இருக்கிறது. சென்னை மாநகரப் பேருந்துகளின் தட எண்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 5சி, 12பி, 21ஜி, 27டி, 29சி, 70, 102, 570, எம்70 என்று எண்ணும் எழுத்தும் கலந்தவை அவை. எண் புலத்தில் வைக்கவே முடியாது. எழுத்து வரிசையில் அடுக்கினால் கிடைக்கும் பட்டியல் இது:

102, 12பி, 21ஜி, 27டி, 29சி, 570, 5சி, 70, எம்70

பயணி இந்தப் பட்டியலில் 5சி-யை மேலே தேடுவார். அது 570-க்குக் கீழே இருக்கிறது.

மாற்றும் முன் தரவைச் சலித்துப் பார்ப்பது

எழுத்தை எண்ணாக மாற்றும் கட்டளையை எடுத்தவுடன் ஓட்டுவது ஆபத்து. எண்ணல்லாத மதிப்பைக் கண்டால் சில தரவுத்தளங்கள் குவெரியையே நிறுத்திவிடும். சில வாய் திறக்காமல் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவதுதான் அதிகம் ஏமாற்றும். எனவே, இலக்கம் தவிர வேறேதேனும் உள்ள பதிவுகளை முதலில் பிடிக்க வேண்டும். போஸ்ட்கிரஸில் நிபந்தனை இப்படி:

வேர் மதிப்பெண் !~ '^[0-9]+$'

மைஎஸ்க்யூஎல்-இல் ‘நாட் ரெஜெக்ஸ்ப்’ என்ற சொல்லுக்குப் பின் அதே வடிவத்தைக் கொடுக்கலாம். எஸ்க்யூஎல் சர்வரில் லைக் '%[^0-9]%', எஸ்க்யூலைட்டில் க்ளாப் '*[^0-9]*', அக்சஸில் லைக் "*[!0-9]*". கடைசி மூன்றும் காலி எழுத்துத் தொடரைப் பிடிக்காது; அதற்குத் தனியாக ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்.

இந்தச் சலிப்பில் சிக்கும் பொருள்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முன்னும் பின்னும் ஒட்டிய இடைவெளிகள் சிக்கும். இணையப் பக்கத்திலிருந்தோ விரிதாளிலிருந்தோ நகலெடுக்கும்போது வரும் உடையாத இடைவெளி சிக்கும்; அது யூனிகோடில் வேறு எழுத்து என்பதால் ‘ட்ரிம்’ கட்டளைக்கு வழக்கமாக அகப்படாது, ‘ரீப்ளேஸ்’ கொண்டுதான் நீக்க வேண்டும். சுழியத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ அடித்திருப்பார்கள். விலைக்கு முன்னால் ‘ரூ.’ இருக்கும்.

காற்புள்ளியிடம் தனிக் கவனம் தேவை. 1,25,000 என்ற தொகையை மைஎஸ்க்யூஎல் எண்ணாக மாற்றினால் 1 என்றுதான் வரும்; முதல் காற்புள்ளியோடு படிப்பதை அது நிறுத்திக்கொள்கிறது. லட்ச ரூபாய் ஒரு ரூபாயாகிப் பட்டியலின் அடியில் விழுந்தாலும் பிழைச் செய்தி எதுவும் குவெரியை நிறுத்தாது. மாற்றும் முன் காற்புள்ளிகளை ‘ரீப்ளேஸ்’ சார்பால் நீக்கிவிட வேண்டும்.

பழைய ஆவணங்களைத் தட்டச்சு செய்தவர்கள் ௧, ௨, ௩ என்று தமிழ் இலக்கங்களையும் பயன்படுத்தியிருக்கலாம். இவற்றுக்கு யூனிகோடில் தனி இடம் உண்டு. திரையில் இவை எண்தான். மாற்றும் கட்டளைக்கோ இவை வேற்று எழுத்துகள். போஸ்ட்கிரஸ் பிழை காட்டும். மைஎஸ்க்யூஎல் சுழியம் என்று எடுக்கும். போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிளிலும் உள்ள ‘ட்ரான்ஸ்லேட்’ சார்பு ௦௧௨௩௪௫௬௭௮௯ என்ற வரிசையை 0123456789 என்ற வரிசைக்கு ஒரே அடியில் மாற்றிக்கொடுக்கும்.

தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும் கட்டளை

மைஎஸ்க்யூஎல் மிகவும் தாராளமானது. ‘காஸ்ட்’ கட்டளையால் ‘அன்சைன்ட்’ வகைக்கு மாற்றலாம். புலத்தோடு 0 கூட்டினாலும் போதும்.

ஆர்டர் பை காஸ்ட்(மதிப்பெண் ஆஸ் அன்சைன்ட்)
ஆர்டர் பை மதிப்பெண் + 0

இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. 0 கூட்டும் முறை மதிப்பை மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றுகிறது. அதில் 9007199254740992-க்கு மேற்பட்ட முழு எண்கள் எல்லாம் துல்லியமாக நிற்காது. 20 இலக்கக் கணக்கு எண்கள் இரண்டு ஒன்றாகத் தெரிய வாய்ப்புண்டு. கழித்தல் குறி உள்ள எண்களுக்கு ‘சைன்ட்’ வகை வேண்டும். பைசா உள்ள தொகைக்கு டெசிமல்(10,2) என்று தசம இடங்களைச் சொல்லிவிட வேண்டும். வெறும் ‘டெசிமல்’ என்று எழுதினால் தசமம் இல்லாத எண்ணாகி 12.5 என்பது 13 ஆகும்.

போஸ்ட்கிரஸ் கண்டிப்பானது. மதிப்பெண்::இன்டிஜர் என்று எழுதினால் மாற்றும். ஆனால் ஆயிரம் பதிவில் ஒரே ஒரு ‘வரவில்லை’ இருந்தாலும் பிழை சொல்லி நின்றுவிடும். இந்தக் கண்டிப்பு நல்லது: தரவில் குப்பை இருப்பதை அன்றே சொல்லிவிடுகிறது. குப்பையை ஒதுக்கி அடுக்க ‘கேஸ்’ பயன்படுத்த வேண்டும்:

ஆர்டர் பை கேஸ் வென் மதிப்பெண் ~ '^[0-9]+$'
தென் மதிப்பெண்::நியூமெரிக் எண்ட் டெஸ்க் நல்ஸ் லாஸ்ட்

எண் அல்லாதவை ‘நல்’ எனப்படும் வெற்று மதிப்பாகி, கடைசிக்குப் போய்விடும். நூறு வாங்கியவள் தலையில் வந்து நிற்பாள். இங்கே ‘இன்டிஜர்’ இருந்த இடத்தில் ‘நியூமெரிக்’ வந்ததற்குக் காரணம் உண்டு. ‘இன்டிஜர்’ வகையின் உச்ச வரம்பு 2,147,483,647. இந்தியாவின் 10 இலக்கக் கைப்பேசி எண்கள் எல்லாமே 6-லிருந்து 9 வரையிலான இலக்கத்தில் தொடங்குவதால், எதுவும் இந்த வரம்புக்குள் அடங்காது.

எஸ்க்யூஎல் சர்வரில் 2012 பதிப்பிலிருந்து ‘ட்ரை_காஸ்ட்’ இருக்கிறது. மாற்ற முடியாததைப் பிழையாக்காமல் வெற்றாக்கும். காலி எழுத்துத் தொடரை மட்டும் அது முழு எண்ணாக மாற்றும்போது 0 என்று எடுக்கும். ‘நல்இஃப்’ கொண்டு அதை முன்கூட்டியே வெற்றாக்கிவிட வேண்டும். பழைய குவெரிகளில் ‘இஸ்நியூமெரிக்’ என்ற சார்பு அடிக்கடி கண்ணில் படும். அதை நம்பக்கூடாது. தனியாக நிற்கும் டாலர் குறியையும், வெறும் கழித்தல் குறியையும் கூட அது எண் என்று சொல்லும். அதை நம்பி ‘காஸ்ட்’ செய்தால் குவெரி உடையக்கூடும்.

ஆரக்கிளில் ‘டு_நம்பர்’. எண்ணல்லாத மதிப்பு வந்தால் 01722 என்ற எண்ணுள்ள பிழை. ஆரக்கிள்காரர்களுக்கு மனப்பாடமான எண் அது. 12.2 பதிப்பிலிருந்து அந்தச் சார்புக்குள்ளேயே ‘டிஃபால்ட் நல் ஆன் கன்வர்ஷன் எர்ரர்’ என்று சேர்த்துப் பிழையைத் தவிர்க்கலாம்.

எஸ்க்யூலைட் மைஎஸ்க்யூஎல் போலத் தாராளம்; ‘12ஏ’-வை 12 ஆக்கும், இலக்கத்தில் தொடங்காத சொல்லை 0 ஆக்கும். அங்கே இன்னொரு தனித்தன்மை உண்டு. வகை குறிப்பிடாத ஒரே புலத்தில் சில பதிவுகள் எண்ணாகவும் சில எழுத்தாகவும் சேமிக்கப்படக்கூடும். வரிசைப்படுத்தும்போது எண்கள் எல்லாம் முதலில், எழுத்துகள் எல்லாம் அவற்றுக்குப் பின். பட்டியல் 1 முதல் 50 வரை போய் மறுபடியும் 1-லிருந்து தொடங்கினால், ‘டைப்ஆஃப்’ சார்பை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சிறு அலுவலகங்களில் இன்னும் உயிரோடு இருக்கும் அக்சஸில் ‘வால்’ என்ற சார்பு பயன்படுகிறது. வெற்று மதிப்பு வந்தால் அது பிழையாகும். ‘என்இசட்’ சார்பைச் சேர்த்து வால்(என்இசட்(கதவுஎண், "0")) என்று எழுத வேண்டும். ‘வால்’ நடுவில் உள்ள இடைவெளிகளை விழுங்கிவிடும். ‘1615 198-ஆம் தெரு’ என்ற முகவரியை அது 1615198 என்று படிக்கும். இப்படிப் பல எண்கள் கலந்த முகவரிப் புலத்தில் அதை அப்படியே ஓட்டக்கூடாது.

29சி-யை எங்கே வைப்பது

இப்போது பேருந்துப் பட்டியலுக்கு வருவோம். மைஎஸ்க்யூஎல்-இல் எளிய வழி, இரண்டு அடுக்கு வரிசை:

செலெக்ட் தடஎண் ஃப்ரம் வழித்தடங்கள்
ஆர்டர் பை காஸ்ட்(தடஎண் ஆஸ் அன்சைன்ட்), தடஎண்;

முதல் அடுக்கு, முன்னால் உள்ள இலக்கங்களை மட்டும் எண்ணாகப் படிக்கிறது. 29சி என்பது 29. இரண்டாம் அடுக்கு, எண் சமமாக இருக்கும் தடங்களை எழுத்து வரிசையில் பிரிக்கிறது. 29, 29ஏ, 29பி, 29சி. இரண்டாம் அடுக்கை விட்டுவிட்டால் 29-இன் கிளைகள் எல்லாம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு வரிசையில் வரலாம். சமமானவற்றை எந்த ஒழுங்கில் தர வேண்டும் என்று தரவுத்தளத்துக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. விடை இப்படி வரும்:

எம்70, 5சி, 12பி, 21ஜி, 27டி, 29சி, 70, 102, 570

எல்லாம் சரி, எம்70-ஐத் தவிர. எழுத்தில் தொடங்குவதால் அது 0 ஆகித் தலைக்கு ஏறிவிட்டது. இதே இடத்தில் 0 கூட்டும் முறையைக் கையாண்டால் இன்னொரு வினையும் சேரும். ஆங்கில ‘ஈ’ எழுத்து மிதவைப் புள்ளி எண்களில் பத்தின் அடுக்கைக் குறிக்கும். 5ஈ என்ற தடத்துக்குச் சிக்கல் இல்லை. அதற்கு 5ஈ2 என்று ஒரு கிளைத்தடம் வந்தால் அது 5 பெருக்கல் 100 என்று படிக்கப்பட்டு 500-ஆம் இடத்துக்குப் போய்விடும். கதவு எண்களிலும் பொருள் குறியீடுகளிலும் இது நடக்கக்கூடியது.

எம்70-க்கும் இடம் கொடுக்க, தட எண்ணை முன்னெழுத்து, எண் என்று பிரிக்க வேண்டும். போஸ்ட்கிரஸில்:

ஆர்டர் பை
சப்ஸ்ட்ரிங்(தடஎண் ஃப்ரம் '^[^0-9]*'),
சப்ஸ்ட்ரிங்(தடஎண் ஃப்ரம் '[0-9]+')::பிக்இன்ட்,
தடஎண்;

முதல் வரி இலக்கத்துக்கு முன்னால் உள்ள எழுத்தை எடுக்கிறது. எதுவும் இல்லையென்றால் காலித் தொடர், அது முதலில் வரும். இரண்டாம் வரி இலக்கக் கூட்டத்தை எண்ணாக்குகிறது. எம்70 பட்டியலின் முடிவுக்குப் போகும். 70-க்குப் பக்கத்திலேயே எம்70 இருப்பதுதான் பயணிக்கு வசதி என்று நினைத்தால் முதல் இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் போதும். எது சரி என்பதைப் பட்டியலைப் படிப்பவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வரில் ‘பேட்இன்டெக்ஸ்’ சார்பு இலக்கமல்லாத முதல் எழுத்து எங்கே இருக்கிறது என்று சொல்லும். ‘லெஃப்ட்’ சார்பால் அதற்கு முன்னால் உள்ளதை வெட்டி எடுக்கலாம். 70 போல முழுவதும் இலக்கமாக இருக்கும் மதிப்பில் அப்படி ஓர் எழுத்தே கிடைக்காது என்பதால், தேடும்போது முடிவில் ஒரு நட்சத்திரக் குறியை ஒட்டித் தேட வேண்டும்.

எண்ணாக்காமலே அடுக்குவது

முழுக்க இலக்கங்களாக, கழித்தல் குறி, முன்சுழியம், இடைவெளி எதுவும் இல்லாமல் இருக்கும் புலத்துக்கு மாற்றமே தேவையில்லை. முதலில் நீளம், பிறகு மதிப்பு என்று அடுக்கலாம்:

ஆர்டர் பை லெங்த்(ரசீதுஎண்), ரசீதுஎண்

குறைந்த இலக்கமுள்ள எண் எப்போதும் சிறியது. நீளம் சமமானால் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்று. எந்த எண் வகையிலும் அடங்காத 40 இலக்கத் தொடருக்கும் இது வேலை செய்யும். மாற்றுப் பிழை என்ற பேச்சே இல்லை. எஸ்க்யூஎல் சர்வரில் இதன் பெயர் ‘லென்’.

முன்னால் சுழியம் நிரப்புவது இன்னொரு வழி. ‘எல்பேட்’ சார்பு 7-ஐ 0007 ஆக்கும். ஆனால் கொடுத்த நீளத்தை மீறும் மதிப்பை அது வெட்டிவிடும். 4 இடம் என்று சொல்லி 12345-ஐக் கொடுத்தால் 1234 வரும். இருப்பதில் நீளமான மதிப்பைப் பார்த்து, அதற்கும் மேலே சில இடங்கள் கூட்டி வைப்பது பாதுகாப்பு.

போஸ்ட்கிரஸில் 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியு நூலகத்தின் வரிசை விதிகளைப் பயன்படுத்தலாம். ‘க்ரியேட் கொலேஷன்’ கட்டளையில் மொழிக்குறியோடு ‘கேஎன்’ என்ற அமைப்பை ‘ட்ரூ’ என்று கொடுத்தால், எழுத்துத் தொடருக்குள் வரும் இலக்கக் கூட்டங்களை அது எண்ணாகவே ஒப்பிடும். 5சி, 12பி, 29சி, 70, 102, 570, எம்70 எல்லாம் ஒரே கட்டளையில் ஒழுங்காக நிற்கும். சார்பும் வேண்டாம், வெட்டலும் வேண்டாம். தமிழ் மொழிக்குறியைக் கொடுத்தால் ஊர்ப் பெயர்களும் தமிழ் அகர வரிசையில் வரும். மென்பொருள் பதிப்பு எண்களுக்கும் இது பொருந்தும்: 1.9-க்குப் பின் 1.10 வரும். அதே காரணத்தால் விலைக்குப் பொருந்தாது. தசமப் புள்ளியையும் கழித்தல் குறியையும் அது எண்ணின் பகுதியாகப் பார்ப்பதில்லை. 1.25 ரூபாய் 1.5 ரூபாய்க்குப் பின்னால் போய்விடும்.

குவெரிக்குள் ஒளிந்திருக்கும் பள்ளங்கள்

புலத்தை ஒரு சார்புக்குள் போட்டவுடன் அதன் சாதாரண இன்டெக்ஸ் வரிசைக்கு உதவாது. சில நூறு பதிவுகளில் இதை உணர முடியாது. பல லட்சம் பதிவுகளில் முதல் 20 மட்டும் கேட்டாலும், தரவுத்தளம் ஒவ்வொரு பதிவையும் எண்ணாக மாற்றி ஒப்பிட்ட பிறகே பதில் தரும். இதற்கு மாற்று, அந்தச் சார்பின் விடைக்கே இன்டெக்ஸ் போடுவது. போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிளிலும் இது நெடுநாளாக உண்டு. எஸ்க்யூலைட்டில் 2015-இன் 3.9 பதிப்பிலும், மைஎஸ்க்யூஎல்-இல் 2018-இன் 8.0.13 பதிப்பிலும் வந்தது. இன்டெக்ஸில் எழுதிய சார்பும் குவெரியில் எழுதிய சார்பும் ஒன்றாக இருக்க வேண்டும். சற்று மாற்றி எழுதினாலும் இன்டெக்ஸ் பயன்படாது.

பக்கம் பக்கமாகக் காட்டும் பட்டியலில் இன்னொரு தவறு அடிக்கடி நடக்கிறது. எழுத்து வரிசையில் முதல் 20 பதிவுகளை எடுத்துவந்து, அவற்றை மட்டும் உலாவியில் எண் வரிசைக்கு மாற்றுகிறார்கள். முதல் பக்கம் பார்க்க ஒழுங்காக இருக்கும். 2, 3 என்ற எண்கள் ஏழாம் பக்கத்தில் கிடக்கும். வரிசையும் வரம்பும் ஒரே குவெரியில் இருக்க வேண்டும்.

‘டிஸ்டிங்ட்’ சேர்த்த குவெரியில், வரிசைக்குப் பயன்படும் சார்பைத் தேர்வுப் பட்டியலிலும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் போஸ்ட்கிரஸும் எஸ்க்யூஎல் சர்வரும் ஏற்காது. அதே போல, ‘காஸ்ட்’ செய்த மதிப்புக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டு, ‘ஆர்டர் பை’-யில் பழைய புலத்தின் பெயரை எழுதுவதும் வழக்கமான சறுக்கல். திரையில் எண்ணாகத் தெரியும். வரிசை எழுத்தாகவே இருக்கும்.

வெற்று மதிப்புகளின் இடமும் ஊருக்கு ஊர் மாறும். ஏறுவரிசையில் மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் மூன்றும் அவற்றை முதலில் வைக்கும். போஸ்ட்கிரஸும் ஆரக்கிளும் கடைசியில் வைக்கும். ‘நல்ஸ் லாஸ்ட்’ என்று வெளிப்படையாக எழுதும் வசதி போஸ்ட்கிரஸிலும் ஆரக்கிளிலும், 3.30 பதிப்பிலிருந்து எஸ்க்யூலைட்டிலும் உண்டு.

நிலையான தீர்வு

குவெரியில் செய்யும் மாற்றம் முதலுதவி. அது தேவைதான், வேறொருவரின் டேபிளில் அறிக்கை எடுப்பவருக்கு அதுவே ஒரே வழியாகவும் இருக்கும். டேபிள் தன் கையில் இருப்பவர் அதோடு நிறுத்தக்கூடாது. ஒவ்வொரு புதிய குவெரியிலும் யாரோ ஒருவர் ‘காஸ்ட்’ எழுத மறப்பார். அன்றைய அறிக்கை தவறாகப் போகும்.

அளவுகளுக்கான நடைமுறை இது. பழைய புலத்தைத் தொடாமல், பக்கத்தில் எண் வகையில் புதிய புலம் ஒன்றைச் சேர்ப்பது. சுத்தமான பதிவுகளை அதற்கு மாற்றுவது. மாறாமல் நின்றவற்றை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் தீர்ப்பது. ‘வரவில்லை’ போன்ற சொற்களுக்குத் தனிப் புலம் கொடுப்பது. இரு புலங்களின் பதிவு எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்த பிறகு, மென்பொருளைப் புதிய புலத்துக்குத் திருப்பி, பழையதை நீக்குவது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் முழு டேபிளுக்கும் ஒரு காப்பு நகல். நேரடியாகப் புலத்தின் வகையை மாற்றும் குறுக்கு வழியில் போஸ்ட்கிரஸ் பிழை காட்டி நின்றுவிடும். கண்டிப்பு முறை அணைக்கப்பட்ட மைஎஸ்க்யூஎல்-இலோ எண்ணல்லாதவை எல்லாம் 0 ஆகி, பழைய மதிப்பு திரும்பக் கிடைக்காமல் போகும்.

அடையாளங்களுக்கு எழுத்துப் புலம் அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில் ‘வரிசைஎண்’ என்று ஓர் எண் புலத்தைச் சேர்த்து இன்டெக்ஸ் போட வேண்டும். அதைத் தானாகவே கணக்கிட்டு நிரப்பும் உருவாக்கப் புலம் என்ற வசதி மைஎஸ்க்யூஎல்-இல் 5.7 பதிப்பிலிருந்தும், போஸ்ட்கிரஸில் 12 பதிப்பிலிருந்தும் இருக்கிறது. 29சி என்று சேர்த்தவுடன் 29 அங்கே தானாக வந்துவிடும். அதன்பின் எந்தக் குவெரியிலும் ‘ஆர்டர் பை வரிசைஎண், தடஎண்’ என்று எழுதினால் போதும்.

மதிப்பெண் பட்டியலோ முன்னுரிமைப் பட்டியலோ, ஒருவரின் இடத்தைத் தீர்மானிக்கும் எந்தப் பட்டியலையும் வெளியிடும் முன் நான்கு மதிப்புகளை வைத்துச் சோதித்துவிடுங்கள்: 9, 10, 100, பிறகு ஒரு காலிப் பதிவு. இந்த நான்கும் தத்தம் இடத்தில் நின்றால், இந்த அத்தியாயம் சொன்ன பெரும்பாலான பிழைகள் உங்கள் குவெரியில் இல்லை என்று நம்பலாம்.